ஆண் என்று சொல்லி வாங்கிய பறவை

எங்கள் வீட்டுக் கொக்கடீல் ஆண் என்று ஒரு வருடத்துக்கும் மேலாக நம்பிக்கொண்டிருந்தோம். நம்பினோம் என்பதுகூடச் சரியில்லை. ஆண்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கியிருந்தோம். கேட்டு வாங்கிய பொருளைப் பிறகு யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. அரசாங்கத்தில் இருந்த காலம் முழுவதும் இதே காரணத்துக்காகப் பலரிடம் விளக்கம் கேட்டிருக்கிறேன்.

கொக்கடீல் என்பது தலையில் கொண்டை வைத்த சின்ன ஆஸ்திரேலியக் கிளி. நம்முடைய காட்டுக் கிளியை வீட்டில் வைத்தால் எந்தத் திணைக்களம் வாசலில் வந்து நிற்கும், என்ன கேட்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அதனால் அந்தப் பேச்சுக்கே இடமில்லாமல் வெளிநாட்டுப் பறவை ஒன்றைப் பார்ப்பது என்று முடிவாயிற்று. பறவை எனக்கு இல்லை, என் மனைவிக்கு.

அவளுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் நின்றுகொண்டே பாடம் நடத்தியவள், ஓய்வு பெற்ற பிறகும் மாத்தளை டவுன் முழுவதையும் நடந்தே சுற்றியவள், கண்டியில் ஒப்பரேஷன் முடிந்து வந்து முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தாள். வருகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். கண்டியில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ஒரு நாள் தொலைபேசியில், அம்மாவுக்குப் பேச்சுத்துணைக்கு ஏதாவது வேண்டும் என்றாள். ஏன், நான் இல்லையா என்று கேட்டேன்.

“அதனாலதாம்ப்பா சொல்றேன்” என்றாள்.

சந்தைக்குப் பின்னால் குருவிக் கடை வைத்திருந்தவர் பரம்பரையாகக் கராம்பு, சாதிக்காய் வியாபாரம் செய்த குடும்பம். மிளகு விலை விழுந்த ஒரு வருடத்தில் பறவைக்கு மாறியவர். யாருக்கு என்று முதலில் கேட்டார். மனைவிக்கு என்றதும் அவர் முகத்தில் ஒரு வைத்தியருக்குரிய கவனம் வந்துவிட்டது.

“நோனாக்குன்னா ஆணத்தான் எடுக்கணும் சேர். ஆண் குருவி பொம்பளைக்கு ஒட்டும். பொட்டக் குருவி ஆம்பளைக்கு ஒட்டும். மாறிப் போச்சின்னா கொத்திக்கிட்டேதான் இருக்கும்.”

மனைவி மகளின் தொலைபேசிப் படத்தில் பார்த்து ஆசைப்பட்டது மஞ்சள் கலந்த வெள்ளை நிறத்தில், கன்னத்தில் செம்மஞ்சள் பொட்டு வைத்த வகை. சாம்பல் நிறக் கொக்கடீலில் வளர்ந்த ஆணுக்கு முகம் பளிச்சென்று மஞ்சளாகிவிடும், பார்த்தவுடன் சொல்லிவிடலாம். இந்த மஞ்சள் வகையில் ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி. கடைக்காரர் தயங்கவில்லை. ஒரு மோதிரத்தை நூலில் கட்டி, பறவையைக் கையில் பிடித்து, அதன் முதுகுக்கு மேலே தொங்கவிட்டார். வட்டமாகச் சுற்றினால் பொட்டை, நேராக ஆடினால் ஆண். நேராக ஆடியது. நூலைப் பிடித்திருந்த விரலும் ஆடியது என்பதை நான் கவனித்தேன். கவனித்துவிட்டு, இன்னொரு முறை ஆட்டிக் காட்டுங்கள் என்றேன். இரண்டாம் முறையும் ஆண். ஒரே ஆளின் ஒரே விரலை இரண்டு சாட்சியாக எடுத்துக்கொண்டு பறவையோடு வீட்டுக்கு வந்தேன்.

மனைவி கைத்தடியை ஊன்றி எழுந்து நின்றாள். ஒப்பரேஷனுக்குப் பிறகு யாரும் சொல்லாமல் தானாக எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை. “குடுங்க பாப்போம்” என்று கையை நீட்டினாள்.

நான் கொடுக்கவில்லை.

புதிதாக வரும் பறவையைச் சுமார் ஒரு மாதம் தனியாக வைக்க வேண்டும் என்று படித்திருந்தேன். படித்ததில் தப்பில்லை. வீட்டில் ஏற்கனவே இருக்கும் பறவைகளுக்கு நோய் தொற்றாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. எங்கள் வீட்டில் ஏற்கனவே பறவை எதுவும் இல்லை. ஆனால் அவளுடைய காலில் தையல் காயம் முழுதாக ஆறவில்லை, பறவைத் தூசி நல்லதல்ல என்று நானாகவே அந்த விதியை அவளுக்கும் நீட்டினேன். அரசாங்கக் கந்தோரில் இருந்த காலத்தில் ஒரு விதியை அது எழுதப்படாத இடத்துக்கு நீட்டுவதில் எனக்கு நல்ல பெயர் இருந்தது. கூண்டு என் அறைக்குப் போனது. பின்பக்கம், பழைய சுற்றறிக்கைகளும் கோப்புகளும் அடுக்கியிருக்கும் சின்ன அறை. மனைவி கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து உள்ளே பார்ப்பாள்.

“எப்பங்க வெளிய விடுவீங்க?”

“காலம் முடியட்டும்.”

“நீங்க சொன்னா முடிஞ்சிரும்ல?”

அப்படி முடியாது, விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்று சொன்னதாக ஞாபகம். அவள் சிரித்தாள். பள்ளிக்கூடத்தில் அதிபரிடம் விடுமுறை கேட்டு மறுக்கப்பட்ட ஆசிரியைகள் அப்படித்தான் சிரிப்பார்கள்.

அந்த மாதத்தில் பறவை என் விரலைக் கற்றுக்கொண்டது. என் குரல், என் இருமல், என் செருப்புச் சத்தம், தேத்தண்ணீர்க் கோப்பையை நான் கீழே வைக்கும் விதம் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டது. நான் அறையை விட்டு வெளியே போனால் ஏறி இறங்கும் இரண்டு சுரத்தில் ஒரு கூப்பிடு கூப்பிடும். நான் அதே இரண்டு சுரத்தில் விசில் அடித்தால் அமைதியாகிவிடும். நான் இருக்கிறேனா என்று கேட்கிறது, இருக்கிறேன் என்று பதில் சொல்கிறேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. ஆனால் அதில் எந்தக் குறையும் இருந்ததாகத் தெரியவில்லை.

காலம் முடிந்த அன்று கூண்டை முன்னறைக்குக் கொண்டுவந்து கதவைத் திறந்தேன். மனைவி தினைக்கதிர் ஒன்றை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். “தம்பி, வாப்பா” என்றாள். பறவை வெளியே வந்தது, அவளுடைய கையை ஒரு பார்வை பார்த்தது, பறந்து வந்து என் தோளில் உட்கார்ந்தது. அவள் சிரித்துக்கொண்டே விரலை என் தோள்வரை கொண்டுவந்தாள். நகத்தின் ஓரத்தில் ரத்தம் வருமளவுக்குக் கொத்தியது.

அவள் விட்டுவிடவில்லை. வகுப்பில் கடைசி வாங்கில் உட்காரும் பிள்ளைகளை எத்தனை வருடம் வழிக்குக் கொண்டுவந்திருப்பாள். தினமும் காலையும் மாலையும் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசினாள், பாடினாள், தினை நீட்டினாள். அது பாம்பு மாதிரிச் சீறியது. நான் உள்ளே வந்தால் கொண்டையை உயர்த்திக்கொண்டு கம்பிக்கு ஓடிவரும். அவள் விரல்களில் எப்போதும் ஏதாவது ஒரு பிளாஸ்டர் இருக்கும். கடைக்காரர் சொன்ன விதி பொய்த்துவிட்டதாக அவளே முடிவுக்கு வந்தாள். “ஆம்பள ஆம்பளையோடதாங்க சேருது. இங்கயும் அதே கதைதான்.”

அது என் தகுதி என்று நான் நினைத்தேன். வெளியே சொல்லவில்லை, ஆனால் நினைத்தேன். அலுவலகத்தில் என் மேசைக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரு கையெழுத்துக்காக வந்தார்கள். கிடைத்ததும் போனார்கள். கிடைக்காவிட்டால் திட்டிக்கொண்டு போனார்கள். என்னிடம் எதுவும் பெற வேண்டியில்லாத ஓர் உயிர், நான் அறைக்குள் நுழைந்த ஒரே காரணத்துக்காக ஓடி வருவது எனக்குப் புதிது. அந்த வயதில் அது ஒரு மனிதனைக் கெடுத்துவிடும். சாப்பாட்டுக் கிண்ணத்தை அவளிடம் கொடுத்துவிட்டு நான் சில வாரம் ஒதுங்கியிருந்தால் பறவை அவள் பக்கம் திரும்பியிருக்கும். அது எனக்கு அப்போதே தெரியும். பொறுப்பை ஒப்படைப்பது எப்படி என்று மற்றவர்களுக்கு வகுப்பெடுத்தவன் நான். நாளைக்கு, அடுத்த கிழமை, அவள் கால் இன்னும் கொஞ்சம் தேறட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். அவளும் ஒரு கட்டத்தில் பாடுவதை நிறுத்தினாள். கூண்டுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலி ஜன்னலுக்குப் பக்கத்தில் போனது.

பறவையிடம் எனக்கு ஒரே ஒரு மனக்குறை இருந்தது. ஆண் கொக்கடீல் பாடும், விசில் அடிக்கும், மார்பை நிமிர்த்திக்கொண்டு நடைபோடும் என்று படித்திருந்தேன். நான் மணிக்கணக்காகப் பழைய பாட்டுகளை விசில் அடித்துக் கற்றுக்கொடுத்தேன். தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருக்கும். பதிலுக்கு அந்த இரண்டு சுரத்தைத் தவிர எதுவும் வராது. கூச்ச சுபாவம் என்று குறித்துக்கொண்டேன். மற்ற விஷயங்களில் திருப்தியாக இருந்தது. கூண்டைத் திறந்துவிட்டால் என் அறைக்கு வந்து, கோப்புகள் இருந்த கீழ்த்தட்டுக்குள் நுழைந்து இருட்டு மூலையில் மணிக்கணக்காக இருக்கும். சுற்றறிக்கைகளைக் கொறித்துத் துகள் துகளாக்கும். நிர்வாகத்தில் ருசியுள்ள பறவை என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரித்தேன். முதுகைத் தடவினால் தலையைத் தாழ்த்தி, வாலை உயர்த்தி, மெல்லிய குரலில் ஏதோ முனகும். அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டேன். ஒரு முறை வீட்டுக்கு வந்திருந்த மகள் இதைப் பார்த்துவிட்டு, “அப்பா, இது கொஞ்சம் ஒரு மாதிரியா இருக்கு” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

இந்த வருடம் மாரியம்மன் கோயிலில் கொடியேறிய பிறகு ஒரு காலையில் கீழ்த்தட்டில், கிழிந்த சுற்றறிக்கைகளுக்கு நடுவில் நெல்லிக்காய் அளவில் ஒரு வெள்ளை முட்டை கிடந்தது.

மனைவியைக் கூப்பிட்டேன். கைத்தடியோடு மெதுவாக வந்து குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு, பதில் தெரிந்த கேள்வியை வகுப்பில் கேட்கும் குரலில் கேட்டாள்.

“ஆண் முட்ட போடாதுல்லங்க?”

இருவரும் சிரித்தோம். நாற்காலி ஜன்னலுக்குப் போன பிறகு நாங்கள் சேர்ந்து சிரித்தது அன்றுதான். கடைக்காரரின் மோதிரத்தையும், என் இரண்டு சாட்சிகளையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். “அப்ப அவரு சொன்னது சரிதாங்க. பொட்ட ஆம்பளைக்குத்தான் ஒட்டியிருக்கு” என்றாள். சிரிப்பு அந்த இடத்தில் கொஞ்சம் குறைந்தது. அவளுக்கென்று வாங்கிய பறவை ஒரு நாளும் அவளுடையதாக இருக்கப்போவதில்லை என்று அந்த முட்டை சொல்லிவிட்டது போல இருந்தது.

மாத்தளையில் கொடியேறினால் தேர் முடியும்வரை எங்கள் வீடுகளில் இறைச்சி, மீன், முட்டை எதுவும் உள்ளே வராது. கடைக்காரர்களுக்கே தெரியும், அந்த நாட்களில் எங்கள் பக்கத்து ஒழுங்கைகளுக்கு மீன்காரர் சைக்கிளைத் திருப்புவதில்லை. கூட்டத்துக்குள் போக முடியாத கால் என்பதால் மனைவி வீட்டு விரதத்தை முன்னைவிடக் கவனமாகப் பிடித்தாள். எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் விதி என்று ஒன்று இருந்தால் அது சரியாக நடக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் பறவைக்குக் கொடுத்துவந்த அவித்த முட்டையையும் அரைத்த முட்டை ஓட்டையும் கொடியேறிய அன்றே நிறுத்தியிருந்தேன். இப்போது பறவையே விதியை மீறிவிட்டது.

முட்டை அங்கேயே இருக்கட்டும் என்றுதான் அவள் சொன்னாள். “அது பெத்தது. சாமி ஒன்னும் சொல்லாது.” விரதம் பிடிக்கிறவளே சொன்ன பிறகு அந்தப் பேச்சு அங்கே முடிந்திருக்க வேண்டும். நான் விடவில்லை. யார் போட்டால் என்ன, விரத வீட்டில் முட்டை முட்டைதான் என்று ஒரு காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் மிளகுக் கொடிக்குக் கீழே புதைத்தேன். பறவை அன்று முழுவதும் அந்தத் தட்டில் தேடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் விட்டு இன்னொரு முட்டை. அதையும் எடுத்தேன். பிறகு இன்னொன்று. காலையில் பார்ப்பதும், எடுப்பதும், புதைப்பதும் ஒரு ஒழுங்காகிவிட்டது. பறவை பாவமாக இருக்கிறதே என்று நினைத்து, தேடும்போதெல்லாம் முதுகைத் தடவி ஆறுதல் சொன்னேன்.

ஒரு பெட்டை தன் அடைக்கு இத்தனை வேண்டும் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. முட்டை காணாமல் போனால் அந்தக் குறையை நிரப்ப மறுபடி போடும். பறவை வளர்க்கிறவர்களுக்கு இது பாலபாடம். எனக்குத் தெரியாது. அதுவரை நான் படித்ததெல்லாம் ஆண் பறவையைப் பற்றி.

தேரன்று காலையில் வீதிகளை மூடிவிட்டார்கள். கோயிலின் ஐந்து தேரும் வெளியே வரும் சத்தம், மேளமும் நாதஸ்வரமும், எங்கள் ஒழுங்கைவரை கேட்டது. நான் வெளி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே இருந்து அவள் கூப்பிட்டாள்.

“என்னங்க, புள்ள கீழ ஒக்காந்திருக்கு.”

தம்பி எப்போது பிள்ளையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. பறவை கூண்டின் தரையில், இறகெல்லாம் உப்பி, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஏறி இறங்கியது. நான் விசில் அடித்தேன். கண்ணைத் திறந்தது, திரும்ப மூடிக்கொண்டது.

போயா தினம், பௌர்ணமி விடுமுறை, மிருக வைத்திய அலுவலகம் பூட்டியிருக்கும். பூட்டிய அலுவலகத்துக்குப் பின்னால் யாருடைய விடுதி எங்கே இருக்கிறது, யாரிடம் கேட்டால் தொலைபேசி இலக்கம் கிடைக்கும் என்பது மட்டும் எனக்கு எப்போதும் தெரியும். அன்று அது உதவியது. பழைய அலுவலக நண்பர் ஒருவர் வழியாக டொக்டரைப் பிடித்தேன். ஓட்டோவும் கிடைத்தது, தேர் போகாத பின் ஒழுங்கைகள் வழியாகப் போகச் சொன்னேன். நீ இரு, நான் போய்வருகிறேன் என்றேன். அவள் கேட்கவில்லை. பறவையை ஒரு துவாயில் சுற்றி இரண்டு உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு, கைத்தடி இல்லாமல், என் தோளைப் பிடித்து ஓட்டோவில் ஏறினாள்.

வழி முழுவதும் பறவை அவள் கையில் அசையாமல் இருந்தது. கொத்தவில்லை. சீறவில்லை. அவள் கட்டைவிரலால் அதன் தலையை மெல்லத் தடவிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

“இப்பத்தாங்க ஏங்கிட்ட வந்திருக்கு.”

நான் ஓட்டோக்காரரிடம் கொஞ்சம் வேகமாகப் போகச் சொன்னேன்.

டொக்டர் அக்குறணைப் பக்கத்துப் பெண். இளம் வயது. தான் பெரும்பாலும் மாடும் ஆடும் பார்க்கிறவள் என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் பறவையைக் கையில் எடுத்தார். அடிவயிற்றை விரலால் தொட்டுப் பார்த்து, முட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்றார். உடம்பில் சுண்ணாம்புச் சத்து தீர்ந்துபோனால் ஓடு பிடிக்காது, தள்ளுவதற்குத் தசைக்கும் பலம் இருக்காது. ஓர் ஊசி போட்டார். பறவையை ஒரு பெட்டிக்குள் வைத்து, சுடுநீர்ப் போத்தல்களைச் சுற்றி அடுக்கி, ஈரமான சூட்டில் விட்டார். இனிக் காத்திருப்பதுதான், பிழைக்கும் என்று என்னால் சொல்ல முடியாது என்றார். காத்திருக்கும்போது கேள்வி கேட்டார். எத்தனை முட்டை, என்ன சாப்பாடு, எங்கே போய் ஒளிகிறது. கூண்டில் வேறு பறவை இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

“அப்ப யாரையாவது சோடியா நெனச்சிருக்கணும். வீட்டுல யார்ட்ட ரொம்ப நேரம் இருக்கும்?”

நான் பதில் சொல்வதற்கு முன் மனைவி சொன்னாள். “இவரத்தான் டொக்டர். நான் கிட்டப் போனா சக்களத்தியப் பாத்த மாதிரிக் கொத்தும்.”

டொக்டர் சிரிக்கவில்லை. எங்கே தடவுவீர்கள் என்று என்னைக் கேட்டார். முதுகில் என்றேன். வாலைத் தூக்குமா என்று கேட்டார். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஓர் இளம்பெண்ணுக்கு முன்னால், ஆமாம் என்றேன்.

“அங்கிள், முதுகுல கை வச்சா அதுக்கு வேற அர்த்தம். நீங்க தடவத் தடவ அது முட்ட போடும். முட்டய எடுக்க எடுக்க இன்னொன்னு போடும். நீங்க பாசமாத்தான் செஞ்சிருப்பீங்க. அது ஒடம்பு தாங்கல.”

அப்போதும் எனக்குத் தப்பிக்கும் வழி ஒன்று தேவைப்பட்டது. பெட்டைப் பறவை ஆண்களிடம்தான் ஒட்டும் என்று சொல்கிறார்களே, இது அதன் இயல்புதானே, நாங்கள் என்ன செய்திருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும், இல்லையா என்று கேட்டேன். டொக்டர் யோசித்துவிட்டு இல்லையென்று தலையாட்டினார். அப்படி ஒரு விதி தனக்குத் தெரிந்து இல்லை. ஆண் என்றால் அதிகம் பாடும், சத்தம் போடும், ஊரைக் கூட்டும். பெட்டை அமைதியாக ஒருவரைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் யாரைப் பிடிக்கும் என்பது வந்த புதிதில் யார் பக்கத்தில் இருந்தார்களோ அதைப் பொறுத்தது. “ஆன்ட்டி கூட இருந்திருந்தா ஆன்ட்டியப் புடிச்சிருக்கும்” என்றார்.

“மொத மாசம் என்ன கிட்டவே விடல டொக்டர்” என்றாள் மனைவி. குரலில் கோபம் எதுவும் இல்லை. மருத்துவ வரலாறு சொல்வது போலச் சொன்னாள். “சட்டம்.”

தேர்ச் சத்தம் தூரத்தில் கேட்டுக்கொண்டேயிருந்தது. பின்னேரம்போல முட்டை வெளியே வந்தது. ஓடு இல்லை. ஒரு தோல்பை மாதிரி இருந்தது. பறவை பக்கவாட்டில் சாய்ந்து படுத்து மூச்சு வாங்கியது. உயிர் இருந்தது. டொக்டர் எல்லாவற்றையும் சொல்லி அனுப்பினார். இருட்டு மூலைகளை அடைக்க வேண்டும். மாலையில் நேரத்தோடு கூண்டை மூட வேண்டும். இனி முட்டை போட்டால் எடுக்கக் கூடாது, அது தானாக அலுத்து விடும்வரை கிடக்கட்டும். அவித்த முட்டை, ஓட்டுத் தூள், கணவாய் ஓடு கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஆன்ட்டி செய்ய வேண்டும். அங்கிள் தொடக் கூடாது. பக்கத்தில்கூடப் போகாமல் இருந்தால் நல்லது. அடுத்த முறை இப்படி அடைத்தால் காப்பாற்ற முடியாமல் போகலாம்.

வீட்டுக்கு வந்ததும் அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணை அனுப்பி ஒரு முட்டை வாங்கிவரச் செய்து, தேரன்று, விரதச் சமையல் பாத்திரங்களுக்குப் பக்கத்தில், அடுப்பில் வைத்து அவித்தாள். சாமிப் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு வந்து அதே கையால் ஓட்டை உரித்தாள். அவளுடைய விரதம் எந்த இடத்தில் வளையும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதைக் காப்பதாக நினைத்து ஒரு பறவையைச் சாகும் நிலைக்குக் கொண்டுபோனவன், நம்பிக்கையே இல்லாத நான்.

அன்றிலிருந்து முன்னறை எனக்கு இல்லை. நான் கொல்லை வழியாக வருகிறேன், கொல்லை வழியாகப் போகிறேன். வீட்டுக்குள் செருப்பு போடுவதை நிறுத்திவிட்டேன். இருமல் வந்தால் வெளியே போய் இருமுகிறேன். இவ்வளவு செய்தும் அதற்குத் தெரிந்துவிடுகிறது. எங்கேயோ ஒரு கதவு அசைந்தால் அந்த இரண்டு சுரம் வரும். பதில் இல்லையென்றால் மறுபடி வரும். முதல் கிழமையில் ஏழு நாளும் காலையிலிருந்து மாலைவரை கூப்பிட்டது. என்ன குற்றம் செய்தோம் என்று சொல்லாமல் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர்களின் முறைப்பாடுகளை நான் நிறையப் படித்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் தயாராக ஒரு பதில் இருக்கும். சமையலறையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

அது அவள் கையில் சாப்பிடவில்லை. கிண்ணத்தில் வைத்தாலும் சாப்பிடவில்லை, வைத்துவிட்டு அவள் நகர்ந்தாலும் சாப்பிடவில்லை. மார்பெலும்பு கத்தி மாதிரித் துருத்த ஆரம்பித்தது. அவள் புதிதாக இரண்டு பிளாஸ்டரோடு சமையலறைக்கு வந்தாள்.

“நீங்க எங்க இருக்கீங்கன்னு அதுக்குத் தெரியணும். ஒரு தடவ பதில் குடுங்க.”

டொக்டர் சொன்னதை நினைவுபடுத்தினேன். இப்படி ஒரு விதிவிலக்குக்கு அவர் அனுமதி தரவில்லை என்றேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று என்னைப் பார்த்தாள்.

“தொடக் கூடாதுன்னுதான் சொன்னா. சட்டத்த நான் பாத்துக்கிறேன். நீங்க விசில் அடிங்க.”

சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து அடித்தேன். முன்னறையில் சத்தம் நின்றது. அவள் தடியை ஊன்றிக்கொண்டு முன்னறைக்குப் போனாள். ரொம்ப நேரம் கழித்து, மூச்சுச் சத்தத்தில், “திங்குது” என்றாள்.

அதன் பிறகு இது எங்கள் காலை ஒழுங்காயிற்று. அவள் அவித்த முட்டையை உள்ளங்கையில் உதிர்த்துக்கொண்டு கூண்டுக்குப் பக்கத்தில் உட்காருவாள். பறவை கூப்பிடும். நான் சமையலறையிலிருந்து ஒரு விசில் கொடுத்துவிட்டு, உடனே பின்கதவால் கொல்லைக்குப் போய்விடுவேன். நான் வந்துகொண்டிருக்கிறேன் என்று அது நம்பும். அந்த நம்பிக்கையில் அவள் கையிலிருந்து சாப்பிடும். நான் வரமாட்டேன். இப்படி ஒரு ஏமாற்று வேலையை எனக்குக் கீழே யாராவது செய்திருந்தால் விசாரணை வைத்திருப்பேன். இங்கே கையெழுத்துப் போட்டது நாங்கள் இருவரும்.

அவளிடம் ஒரு நாள் கேட்டேன், இன்னும் என்னைத் தேடுகிறதா என்று. கேட்டிருக்கக் கூடாது. “ஏங் கையிலதான் திங்குது. கதவப் பாத்துக்கிட்டே திங்குது” என்றாள். அதைச் சொன்ன முகத்தில் வருத்தம் இருந்ததா, இத்தனை நாள் கழித்துக் கையில் ஏறியிருக்கிறதே என்ற மகிழ்ச்சி இருந்ததா என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. எது இருந்திருந்தாலும் அது என்னால் வந்தது.

முட்டை இப்போது இல்லை. உடம்பு தேறியிருக்கிறது என்று அவள் சொல்கிறாள். தலையைக் குனிந்து கொடுக்கிறதாம், கொண்டைக்குக் கீழே மட்டும் ஒரு விரலால் தடவுகிறாளாம். அவள் நாற்காலி ஜன்னலிலிருந்து திரும்பி வந்துவிட்டது. பாடுகிறாள், சமையலறைவரை கேட்கிறது. பறவைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. புள்ள என்றுதான் கூப்பிடுகிறாள்.

இன்று காலையில் நான் வழக்கம்போல உதட்டைக் குவித்துக்கொண்டு சுவர் ஓரத்தில் நின்றேன். அவள் முன்னறையிலிருந்து, “இன்னிக்கு வேணாங்க. பாப்போம்” என்றாள். நான் கொல்லைக்குப் போனேன். பறவை கூப்பிட்டது. கொஞ்சம் நிறுத்தி மறுபடி கூப்பிட்டது. யாரும் பதில் சொல்லவில்லை. பிறகு அவள் தாழ்ந்த குரலில் அதனிடம் ஏதோ பேசுவது கேட்டது. அதற்குப் பிறகு அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது, கையில் கூசும்போது வரும் சிரிப்பு.

சாப்பிடுகிறது. இதற்காகத்தான் இத்தனையும். உள்ளே போய் அவளிடம் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் போகவில்லை. மூன்றாவது முறை கூப்பிடுமா என்று நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், கூப்பிடக் கூடாது என்று நினைக்க வேண்டியவன்.